நகரம் யாரை வைத்துக்கொள்கிறது? ஹெவ்லொக் டவுனின் காட்டுப் பறவைகள்

இலங்கையின் பறவைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சிங்கராஜ வனத்துக்கோ புந்தல களப்புக்கோதான் நம்மை அழைத்துச் செல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 500-க்கு மேற்பட்ட பறவை வகைகள் பதிவான சிறிய தீவு இது. அவற்றில் 30-க்கு மேற்பட்டவை இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் காண்பவை வீட்டு மதிலிலும் மின்கம்பியிலும் வந்திருக்கும் பறவைகளே. யாரும் வளர்க்காமல், தன் இரையைத் தானே தேடி, தன் கூட்டைத் தானே கட்டி வாழ்கிற எந்தப் பறவையும் காட்டுப் பறவைதான். அது காட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஹெவ்லொக் டவுன் இதை ஆராய நல்ல களம். மேற்கே, நடந்து போகும் தூரத்தில் கடல். தெற்கே வெள்ளவத்தையில் கடலோடு சேரும் கால்வாய். வடக்கே கொழும்புப் பல்கலைக்கழக வளாகத்தின் பெருமரங்கள். நடுவில் ஹென்றி பேதிரிஸ் மைதானம், ஹெவ்லொக் பூங்கா, பழைய வளவுகள், அவற்றை இடித்துவிட்டு எழும்பும் தொடர்மாடிகள். வளவுள்ள வீடுகளின் ஊர், மாடிகளின் ஊராக நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. இப்படி மாறும் நகரத்தில் எந்தப் பறவை பிழைக்கிறது, எது விலகிப் போகிறது, ஏன்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

காகமும் அதை ஏய்க்கும் குயிலும்

நகரத்தின் முதல் வெற்றியாளர் காகம். கொழும்பில் இரண்டு வகை உண்டு. கழுத்து சாம்பல் பூத்த ஊர்க்காகம் ஒன்று, உடல் முழுக்கக் கறுத்துத் தடித்த அலகுடைய அண்டங்காகம் மற்றது. அண்டங்காகம் காட்டோரத்திலும் வாழும். ஊர்க்காகமோ மனிதனை ஒட்டியே வாழ்கிறது. 1890-களில் கோப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்கு இதைக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே அது ஒழிக்க முடியாத தொல்லையாகிவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் தானாகவே கப்பலேறி அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இறங்கிய காகங்களும் உண்டு. கிழக்கு ஆபிரிக்கத் துறைமுகங்களிலும் இதே இனம் பெருகிக் கிடக்கிறது.

வீதியோர மாரா மரமொன்றில் இருக்கும் காகக் கூட்டைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். வெளிச்சுற்றில் சுள்ளிகளோடு கட்டுக்கம்பியும், முறிந்த உடுப்புக் கொழுவியும், கேபிள் துண்டுகளும் பின்னிக் கிடக்கும். உள்ளே தென்னந்தும்பு. பக்கத்தில் மாடி கட்டும் இடத்தில் சிந்திய கம்பிதான் மேலே கூட்டின் சட்டகம். கிடைப்பதைக் கொண்டு கட்டுவதும் கிடைப்பதைத் தின்பதுமே காகத்தின் பலம். நினைவாற்றல் அதற்கு அடுத்த பலம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்துவிட்ட ஆய்வாளர்களை, அந்த முகமூடியைக் கண்டபோதெல்லாம் காகங்கள் ஆண்டுக்கணக்கில் கூடிக் கத்தித் துரத்தின. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தைப் பகையாக அறிந்துகொண்டன.

நம் வீடுகளில் காகத்துக்கு மரியாதையான இடம் உண்டு. புரட்டாதிச் சனியிலும் திவசத்தன்றும் முதற் பிடி சோறு அதற்குத்தான். அந்தப் பிடி சோறு காகத்தைப் பெருக்கவில்லை. தெருவோரத்தில் வாய் கட்டாமல் வைக்கும் குப்பைப் பைதான் பெருக்குகிறது. இது காகத்தோடு முடிகிற செய்தியன்று. குப்பையில் வயிறு வளர்க்கும் காகம், குஞ்சு பொரிக்கும் காலத்தில் கொண்டைக்குருவியின் கூட்டையும் தேன்சிட்டின் கூட்டையும் தேடிக் கொள்ளையடிக்கிறது. நாம் வீசும் மிச்சச் சோறு சின்னக் குருவிகளின் முட்டைகளைப் பறிக்கிறது என்றால் மிகையில்லை.

இந்தக் கெட்டிக்காரக் காகத்தையும் ஏய்க்கும் பறவை ஒன்று உண்டு. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது தமிழரும் சிங்களவரும் ஒருசேரக் காது கொடுக்கும் குயில் அது. ஆண் கறுப்பு, பெண் மண்ணிறத்தில் வெண்புள்ளிகள் இட்டது. ஆண் குயில் கூட்டருகே சத்தமிட்டுக் காகங்களைத் தன் பின்னால் இழுத்துப் போக, பெண் குயில் உட்புகுந்து முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காகத்தின் முட்டைக்குச் சில நாள் முந்தியே பொரித்துவிடுவதால் குஞ்சுக்கு ஊட்டம் முதலில் கிடைக்கும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளை முதுகால் தள்ளி வெளியே எறியும். நம் குயிற்குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். வளர்ந்த குயிலின் முதன்மை உணவு பழம். ஆகவே அதற்குக் காகமும் வேண்டும், பழமரமும் வேண்டும். அரசும் ஆலும் வெட்டுப்பட்டால் எத்தனை காகம் இருந்தும் குயிலுக்குப் பயனில்லை.

தைப்பவை, தொங்கவிடுபவை, குடைபவை

தையல்சிட்டு ஒரு விரல் நீளமே உள்ள குருவி. அகன்ற இலையொன்றின் இரு ஓரங்களிலும் ஊசி போன்ற அலகால் துளையிட்டு, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, இலையைப் பைபோல் மடித்துவிடும். அது முடிச்சுப் போடுவதில்லை. துளைக்கு வெளியே இழையின் நுனி பிரிந்து உப்பி நிற்பதால் நூல் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இலை செடியிலேயே உயிரோடு இருப்பதால் கூடு பச்சையாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னுமோர் இலைதான்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் வழி வேறு. கொடியிலோ, பல்கனியில் தொங்கும் பூச்சட்டியின் கம்பியிலோ சிறு பையொன்றைத் தொங்கவிடும். சிலந்தி நூல்தான் அதன் பசையும் கயிறும். அந்த நூல் இழுபடக்கூடியது என்பதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் இடங்கொடுக்கும். வாசலுக்கு மேலே மழை வழிய ஒரு சிறு கூரை. மேற்புறத்தில் பட்டைத் துகள்களையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிவைப்பதால், தொங்கும் குப்பை என்று எண்ணி எவரும் கடந்து போவார்கள். ஒட்டடை அடிக்கும் நாளில் இப்படி எத்தனை கூடுகள் தவறிப் போகின்றனவோ! தேன்சிட்டு தேனருந்தி வாழ்ந்தாலும் குஞ்சுகளுக்குச் சிலந்தியும் பூச்சியுமே ஊட்டும். பூச்சிமருந்து புகையடித்த தோட்டத்தில் பூ இருந்தாலும் குஞ்சு தேறாது.

குக்குறுவானும் மரங்கொத்தியும் மரம் குடைந்து கூடமைப்பவை. பட்டுப்போன கிளையையே குக்குறுவான் தேடும், மென்மையாகக் குடையலாம் என்பதால். இலங்கைக்கே உரிய சின்னக் குக்குறுவானும் செம்முதுகு மரங்கொத்தியும் கொழும்பு வளவுகளிலும் காணக் கிடைப்பது நமக்கு வாய்த்த பேறு. மரங்கொத்தியின் நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைச் சுற்றி வளைந்து வருவதால், துளையின் ஆழத்தில் கிடக்கும் புழுவையும் அதனால் எட்டிப் பிடிக்க முடிகிறது. இவை குடைந்துவிட்டுப் போன பொந்துகளில்தான் மைனாவும் கிளியும் வண்ணாத்திக்குருவியும் அடுத்த ஆண்டு குடியேறும். பட்ட கிளை விழுந்துவிடும் என்று பயந்து ஒரு மரத்தை முழுதாக வெட்டும்போது, ஒன்றல்ல, நான்கைந்து இனங்களின் வீடு போகிறது.

புலுனிகளின் வாழ்வு கூட்டுக் குடும்ப வாழ்வு. ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறித் திரியும் இவை ஒரே கூட்டின் குஞ்சுகளுக்குப் பலராக நின்று இரை ஊட்டும். மூத்த பிள்ளைகள் தம் தம்பி தங்கையரை வளர்க்கத் துணை நிற்கும். ஒன்று காவல் இருக்கும், மற்றவை மேயும். வல்லூறு கண்ணிற்பட்டால் ஒரே கூச்சலில் எல்லாம் புதருக்குள் மறையும். அவற்றுக்குத் தேவையானது கூட்டாத கொஞ்ச நிலமும் அடர்ந்த ஒரு வேலியும்.

கூரைக்குள் வாழும் வேட்டைக்காரர்

ஹெவ்லொக் டவுனின் பழைய வீட்டுக் கூரைகளில் நள்ளிரவில் சீறும் சத்தம் கேட்டுப் பயந்தவர்கள் பலர். அது கூகை. அதன் அலறலைச் சாவோடு சேர்த்துப் பேசுவதும், கல்லெறிந்து துரத்துவதும் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கூகை நமக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை, அதன் உணவில் பெரும்பங்கு எலிதான். அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒரே ஒலி இரு காதுகளையும் எட்டுவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, ஒளியே இல்லாத இருட்டிலும் எலி இருக்கும் இடத்தை அது கணித்துவிடுகிறது. சிறகின் முன்னோரத்தில் சீப்புப் பல் போன்ற அமைப்பும் பின்னோரத்தில் மெல்லிய குஞ்சமும் இருப்பதால் பறக்கும் சத்தமே எழாது. எலிக்காய்ச்சலை அஞ்சும் நகரத்தில் கூகையைத் துரத்துவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. ஆனால் எலிப்பாஷாணம் வைக்கும் இடத்தில், நஞ்சு தின்ற எலியை உண்டு கூகையும் சாகிறது.

வடக்கிலிருந்து வருபவர்கள்

செப்டெம்பர், ஒக்டோபர் வந்தால் கொழும்பின் பறவைத் தொகை மாறும். மைதானத்து மின்கம்பிகளில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசை பிடிக்கும். மர நிழலில் ஆறுமணிக்குருவி தரையைக் கிளறும். இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் குறுவால் குருவி அது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. காலையிலும் மாலையிலும் இரு சுரத்தில் விசில் எழுப்பும். வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு விறாந்தையிலும் தொடர்மாடி வாசலிலும் விழுந்து கிடப்பதுண்டு. அப்போது அதற்கு வேண்டியது இருட்டான ஒரு பெட்டியும் சில மணி நேர அமைதியும்தான். அள்ளித் திணிக்கும் சோறும் தண்ணீரும் அதற்கு ஆகாது.

அரசவால் ஈப்பிடிப்பான் இன்னொரு நுட்பமான பாடம். இலங்கையில் நிலையாக வாழும் கிளையினத்தின் ஆண் செம்மண்ணிறத்திலேயே இருக்கும். இந்தியாவிலிருந்து வரும் கிளையினத்தின் முதிர்ந்த ஆண் நீண்ட வெண்வாலோடு பால்வெள்ளையாக இருக்கும். ஆகவே மாரி காலத்தில் வளவுக்குள் வெள்ளை ஆணைக் கண்டால், அது கடல் கடந்து வந்த விருந்தாளி என்று உறுதியாகச் சொல்லலாம்.

30 நாடுகளை உள்ளடக்கிய மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி இலங்கை. இதற்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை தங்குவதற்குப் பெருநிலம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையும் சீன அறிவியல் கழகமும் சேர்ந்து மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதித் தடங்காட்டி பொருத்தின. அவற்றில் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையான யமால் தீபகற்பம் வரை போய்த் திரும்பியது. இத்தனை தூரம் வருகிற பறவைக்கு வழியின் கடைசித் தங்குமிடம் நம் கரையும் நம் வளவும். அங்கே இடம் இல்லையென்றால் திரும்பிப் போகும் வலு அதற்குச் சேராது.

கால்வாயும் சதுப்பும்

வெள்ளவத்தைக் கால்வாயின் ஓரத்தில் காலையில் நின்றால் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைக் காணலாம். அதன் இறகு நீரை முழுதாக விலக்காது. அந்தக் குறைதான் எளிதாக மூழ்கி மீன் பிடிக்க உதவுகிறது, பின்பு வெயில் காய வேண்டியிருப்பது அதற்கான விலை. குருட்டுக் கொக்கு அசையாமல் குந்தியிருக்கும், எழுந்து பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும்.

இந்தக் கால்வாய் தனித்த ஒன்றல்ல. கிருலப்பனை வழியாகக் கோட்டே, பத்தரமுல்ல, தலங்கம, அத்திடிய சதுப்புகளோடு பிணைந்த நீர்வலையின் ஒரு கிளை அது. அங்கே நத்தைகுத்தி நாரை வாழ்கிறது. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவே இடைவெளி தெரியும், வழுக்கும் நத்தையைப் பிடித்துச் சதையை வெளியே எடுக்க ஏற்ற அலகு. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். தாமரை இலைமேல் நீண்ட விரல்களால் நடக்கும் இலைக்கோழியில், பெண் பல ஆண்களோடு இணைந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தந்தையின் பொறுப்பு. உலக அளவில் அச்சுறுத்தலுக்கு அண்மித்த நிலையில் உள்ள கூழைக்கடா, பேர வாவியில் நாம் பேருந்திலிருந்தே பார்க்கும் பறவையாக இருப்பது கொழும்பின் பெருமை.

2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலங்களுக்கான ராம்சார் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அழகுக்காக மட்டும் கிடைத்த சான்றிதழ் அல்ல அது. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றமே வெள்ளத்தில் நின்றதைக் கொழும்பு மறக்கவில்லை. சதுப்பை நிரப்பிக் கட்டினால் அந்த நீர் எங்கே போகும் என்ற கேள்வி அதன் பிறகுதான் அரசாங்க மட்டத்தில் உரக்கக் கேட்டது. நாரைக்கு இரை தரும் அதே சேறுதான் கிருலப்பனையின் தாழ்ந்த வீடுகளை நனையாமல் காக்கிறது. ஈரநிலத்தில் பறவையின் நலனும் மனிதனின் நலனும் ஒன்றே. 1985-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே பறவைகள் சரணாலயமும் 1990-இல் அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சரணாலயமும் இருந்தும், குப்பை கொட்டலும் மண் நிரப்பலும் அவற்றின் ஓரங்களை அரித்தே வந்திருக்கின்றன.

விலகிப் போனவையும் அதன் காரணங்களும்

சிட்டுக்குருவி கொழும்பில் குறைந்துவிட்டதை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் சொல்வார்கள். இறவாணத்தில் வாய் உடைந்த முட்டியைத் தொங்கவிட்டு அதற்கு இடம் கொடுத்த வீடுகள் அப்போது இருந்தன. கைபேசிக் கோபுரங்களே காரணம் என்பது பரவலான பேச்சு, ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. கூடு கட்ட இடுக்கில்லாத கொங்கிறீட்டுச் சுவர், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியில்லாத தோட்டம், கூட்டைக் குலைக்கும் காகம் ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவென்று கொள்வதே பொருந்தும்.

புதிய ஆபத்துகளும் சேர்ந்திருக்கின்றன. கண்ணாடி போர்த்திய கட்டடத்தில் வானமும் மரமும் தெரிவதால் பறவை நேரே வந்து மோதுகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 100 கோடி வரையான பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக மதிப்பிட்டுள்ளார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இரவுமுழுதும் எரியும் மாடி விளக்குகள் வலசைப் பறவைகளைத் திசை திருப்புகின்றன. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன் முட்டையைப் போலத் தோன்றும் அந்த மணிகள் கடற்பறவைக்கு இரையாகத் தெரியும் ஆபத்து இன்றும் தீரவில்லை.

அறிவு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. வின்சன்ட் லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை வெளிவந்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் 1955-இல் வந்தது, அதில் அவர் தாமே வரைந்த படங்கள் இன்றும் மெச்சத்தக்கவை. இலங்கைப் பறவைக் கழகம் 1943-இல் தொடங்கியது. பேராசிரியர் சரத் கொட்டகம 1976-இல் தொடங்கிய களப் பறவையியல் குழு, ஹெவ்லொக் டவுனுக்கு அயலிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்தே இயங்குகிறது. 2001-இல் தீபால் வரகாகொட கண்ட செரண்டிப் ஆந்தை, 130 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட பறவையினம்.

1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சில இனங்களைத் தவிர எல்லாப் பறவைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. கூண்டுக் கிளி பிடித்து விற்பதும் சட்டத்துக்கு மாறானதே. ஆனால் சட்டம் பறவையைக் காக்கும், அது கூடு கட்டும் ஒழுங்கையோர மரத்தை அப்படிக் காப்பதில்லை. தமிழில் பறவைக் கையேடுகளும் பாடசாலைப் பயிற்சிகளும் மிகக் குறைவு என்பதும் நாம் தீர்க்க வேண்டிய குறை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புலுனியின் பெயரும் அதன் வாழ்வும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவாக

இந்த ஆய்வு தெளிவாக ஒன்றைக் காட்டுகிறது. நகரத்தில் எந்தப் பறவை வாழ வேண்டும் என்பதை நாம் அறிந்தோ அறியாமலோ தினமும் தெரிவு செய்துகொண்டிருக்கிறோம். குப்பையைத் திறந்து வைத்தால் காகத்தைத் தெரிவு செய்கிறோம். பட்ட கிளையையும் பழமரத்தையும் விட்டுவைத்தால் குக்குறுவானையும் குயிலையும் தெரிவு செய்கிறோம். சருகு விழும் ஒரு மூலை இருந்தால் புலுனிக்கும் ஆறுமணிக்குருவிக்கும் இடம் கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு இல்லாதவை. குப்பைப் பையை வாய் கட்டி, மூடியுள்ள தொட்டியில் வையுங்கள். எலிப்பாஷாணத்துக்குப் பதிலாகப் பொறியைப் பயன்படுத்துங்கள். மரத்தின் ஆபத்தான கிளையை மட்டும் தறித்து, அடிமரத்தை நிற்கவிடுங்கள். புதிய மாடியின் கண்ணாடியில் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். வலசை மாதங்களில் மொட்டைமாடி விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணையுங்கள். கால்வாய்க் கரையைச் சீமெந்தால் முழுதாக மூடாமல், செடி வளரும் மண் கரையைச் சில இடங்களிலாவது விடும்படி மாநகர சபையிடம் கேளுங்கள்.

தொடர்மாடி முகாமைக் கூட்டங்களில் வாகனத் தரிப்பிடமும் தண்ணீர்த் தொட்டியும் பேசப்படுகின்றன. அதே கூட்டத்தில் வளவின் மரங்களும் ஒரு விடயமாகப் பேசப்பட வேண்டும். சரணாலயத்துக்கு வேலி போடுவது அரசாங்கத்தின் வேலை. ஹெவ்லொக் டவுனில் பறவை வாழ்வதும் போவதும் அங்கே குடியிருப்போர் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நாம் ஏற்றால், நம் பிள்ளைகளின் கொழும்பில் காகம் மட்டுமன்றி மற்றப் பறவைகளும் இருக்கும்.